சிறைக்குள் கூடிய நகர மன்றம்

"சாக்கடையைத் தூர் வாருங்கள், தெருவிளக்கை ஏற்றுங்கள், வரியைத் தண்டுங்கள், அதற்குமேல் நகர மன்றத்தாருக்கு என்ன வேலை? அரசியலை நாடாளுமன்றத்துக்கு விட்டுவிட்டு அடக்கமாக இருக்கலாகாதா?" என்று கேட்கும் கனவான்கள் எந்த நாட்டிலும் உண்டு, எந்தக் காலத்திலும் உண்டு. கேள்வி நயமாகத்தான் இருக்கும். குரலிலே கனிவுகூடத் தெரியும். ஆனால் அந்தக் கனிவுக்குள்ளே ஒரு கட்டளை பதுங்கியிருக்கிறது: 'ஊரை ஆளும் பெயர் உனக்கு, ஊர்ப் பணம் யாருக்கு என்று முடிவு கட்டும் உரிமை எனக்கு!'

இந்தக் கட்டளைக்கு 1921-ஆம் ஆண்டிலே ஒரு சிறு நகர வட்டாரம் மறுமொழி சொன்னது. மண்டியிட்டுச் சொல்லவில்லை; மனு எழுதிச் சொல்லவில்லை. சிறைக்கதவைத் தானே தட்டிச் சொன்னது. இலண்டன் மாநகரின் கிழக்குக் கோடியில் இருந்த பாப்லர் என்னும் வட்டாரம் அது. எந்த மன்னன் எந்த ஆண்டு முடி சூடினான் என்று மனப்பாடம் செய்யும் நம் மாணவர்கள், முடியில்லாத மக்கள் முடிவெடுத்த இந்த வரலாற்றை அறியார். அறியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

செல்வம் இறங்கிய துறை, வறுமை குடியேறிய தெரு

தேம்ஸ் ஆறு பெரியதொரு வளைவு வளைந்து ஓடும் இடத்திலே, அதன் வடகரையில் அமைந்தது பாப்லர். பாப்லர், பிராம்லி, போ என்ற மூன்று பகுதிகள் சேர்ந்த வட்டாரம். 1855-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே ஒரு வட்டாரப் பணிக் குழுவை அமைத்தது. 1899-இல் வந்த சட்டப்படி இலண்டன் 28 பெருநகர வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டபோது, பாப்லரும் அவற்றுள் ஒன்றாகி, 1900 முதல் தனக்கென ஒரு மேயரும் மன்றமும் பெற்றது. 1921-இல் அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர்.

அந்த மண்ணின் பெருமை என்ன? துறைமுகங்கள்! 1802-இல் மேற்கிந்தியத் துறை திறக்கப்பட்டது. கரும்புத் தோட்டத்திலே சாட்டையடி பட்ட கறுப்பு அடிமைகளின் குருதி, சர்க்கரையாக மாறி அங்கே வந்து இறங்கிற்று. 1806-இல் கிழக்கிந்தியத் துறை திறக்கப்பட்டது. நம் நாட்டுச் செல்வத்தைச் சுமந்து சென்ற கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்கள் சென்று நின்ற துறை அதுதான். ஆகவே, பாப்லர் நமக்கு அந்நியமன்று. நாம் இழந்த பொருள் இறங்கிய படித்துறை அது.

பொருள் இறங்கிய ஊரிலே பொலிவு இருக்கவேண்டாமா? இருந்ததா? இல்லை! கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. காலையிலே துறைமுக வாயிலில் ஆயிரவர் திரள்வர். மேற்பார்வையாளன் விரலை நீட்டிச் சிலரை அழைப்பான். அழைக்கப்படாதவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். சரக்கு பாப்லரில் இறங்கும். இலாபம் மேற்கு இலண்டனுக்கு ஏறும். உழைப்பு கிழக்கிலே, உப்பரிகை மேற்கிலே!

போ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலையிலே, வெண்பாஸ்பரம் தாடையெலும்பை அரித்துத் தின்ன, அற்பக் கூலிக்கும் அபராதத்துக்கும் ஆளாகி நின்ற பெண்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அவர்களின் துயரை ஏட்டில் எழுதி அம்பலமாக்கியவர், பின்னாளில் சென்னை அடையாறு வந்து பிரம்மஞான சபைக்குத் தலைவியான அன்னி பெசன்ட் என்பதையும் குறித்துக் கொள்ளலாம். போவில் பகுத்தறிவுடன் பேசியவர் அடையாற்றிலே என்ன பேசினார் என்பது வேறு கதை. மறு ஆண்டு, 1889-இல், துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்னி கேட்டு எழுந்தனர், பெற்றனர். பாப்லர் மக்கள் பணிந்தே பழகியவர்கள் அல்லர் என்பதற்கு இவை சான்று.

அங்கேயும் ஒரு தலைவிதித் தத்துவம்

'ஏழ்மை முற்பிறவிப் பயன்' என்று நம் நாட்டிலே சொல்வார்கள். ஆங்கில நாட்டிலே முற்பிறவி இல்லை. ஆகவே வேறொன்று செய்தார்கள். 'ஏழ்மை அவனவன் ஒழுக்கக்கேட்டின் பயன்' என்றார்கள். பெயர்தான் வேறு, பித்தலாட்டம் ஒன்றே. கூலியைக் குறைத்தவனைக் குற்றவாளி என்னாமல், குறைந்த கூலி பெற்றவனைக் குற்றவாளி ஆக்கும் கலை அது.

1834-ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் இந்தத் தத்துவத்தின் மீதே கட்டப்பட்டது. உதவி கேட்டு வருபவனின் நிலை, வெளியே மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளியின் நிலையைவிடக் கீழாக இருக்கவேண்டும்; இதுவே விதி! அதற்காக எழுப்பப்பட்டவைதாம் 'வேலை இல்லங்கள்'. உள்ளே போனால் கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், குழந்தை ஒருபுறம். சீருடை, அரைவயிற்றுக் கஞ்சி, அவமானம். பசித்தவனுக்குச் சோறு போடுவதைக்கூடத் தண்டனையாக மாற்றிய மேதாவிகள் அவர்கள்!

இந்தக் கோட்டைக்குள் 1893-இல் நுழைந்தார் ஜார்ஜ் லான்ஸ்பரி. பாப்லர் ஏழைக் காப்பாளர் குழுவுக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வேலை இல்லத்தின் உணவையும் உடையையும் நடைமுறையையும் மாற்றப் பாடுபட்டார். ஏழையைச் சிறுமைப்படுத்தாமல் உதவ முடியும் என்று காட்டினார். காட்டியதற்குப் பரிசாகப் 'பொதுப் பணத்தை வீணடிப்பவர்' என்ற பட்டத்தையும் பெற்றார்.

1918-ஆம் ஆண்டுவரை ஒரு வேடிக்கை நடந்தது, தோழர்களே! வறியோர் உதவி பெற்றவனுக்கு வாக்குரிமை கிடையாது. பசி எடுத்தது குற்றம். அதற்குத் தண்டனை, குடியுரிமை பறிப்பு. அந்த ஆண்டு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அந்தத் தடையை நீக்கிற்று. மறு ஆண்டு, 1919 நவம்பரில், தேர்தல். பாப்லர் மன்றத்தின் 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி கைப்பற்றிற்று! துறைமுகத் தொழிலாளியும் இரயில்வே ஊழியரும் அஞ்சல்காரரும் நகரப் பிதாக்கள் ஆயினர். லான்ஸ்பரி மேயரானார்.

வந்தவர்கள் மாலை சூடி மகிழ்ந்திருக்கவில்லை. வீடுகள் கட்டினர்; நூலகம், குளியலகம், மின்விளக்கு, காசநோய் மருத்துவம், தாய்சேய் நலம் என்று பணிகளைப் பெருக்கினர். 1920-இல், மன்றத்தின் ஊழியர்க்கு வாரம் 4 பவுன் குறைந்தபட்சக் கூலி என்று முடிவு செய்தனர். ஆணுக்கும் அதுவே, பெண்ணுக்கும் அதுவே! 'ஒரே வேலைக்கு ஒரே கூலியா? பெண்ணுக்குமா?' என்று பெரிய வீடுகளிலே புருவங்கள் உயர்ந்தன.

கரும்பலகைக் கணக்கு

இனி ஒரு கணக்கு. நாம் பள்ளியிலே பாடம் சொல்பவர்கள். கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல் நமக்கு மனநிறைவு வராது.

வட்டார மன்றங்கள் வாழ்ந்தது வீட்டுவரியால். கட்டடம் ஆண்டுக்கு எவ்வளவு வாடகை பெறும் என்று மதிப்பிட்டு, அந்த மதிப்பின் ஒவ்வொரு பவுனுக்கும் இத்தனை பென்னி என்று தண்டுவர். பவுனுக்கு ஒரு பென்னி வரி போட்டால், மாளிகைகளும் கடைவீதிகளும் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் கிடைத்தது 31,000 பவுனுக்கு மேல். அதே ஒரு பென்னி வரிக்குப் பாப்லரில் கிடைத்தது சுமார் 3,600 பவுன்!

இப்போது 36,000 பவுன் தேவை என்று வைத்துக்கொள்வோம். வெஸ்ட்மின்ஸ்டர் கோமான் ஒரு பென்னியும் சில்லறையும் கொடுத்தால் போதும். பாப்லர் கூலிக்காரன் பத்துப் பென்னி கொடுக்கவேண்டும். மாளிகைக்காரனுக்கு ஒன்று, குடிசைக்காரனுக்குப் பத்து! இதற்குப் பெயர் வரி விதிப்பாம்!

கணக்கு இத்துடன் முடியவில்லை. 1920-இன் இறுதியில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிற்று. வேலை இழந்தவனைக் காக்கும் செலவு யார் தலையில்? வேலை இல்லத்துக்குள் இருப்போர்க்கான செலவின் ஒரு பகுதியை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள 1867 முதலே ஒரு பொது நிதி இருந்தது. ஆனால் வீட்டில் இருந்தபடி உதவி பெறுவோரின் செலவு முழுவதையும் அந்தந்த வட்டாரமே சுமக்கவேண்டும். அதாவது, எங்கே ஏழைகள் மிகுதியோ அங்கே வரியும் மிகுதி. எங்கே ஏழைகள் இல்லையோ அங்கே வரியும் இல்லை. வேலை இழந்தவனை, நாளை வேலை இழக்கப்போகிறவன் காப்பாற்றவேண்டும். இருவரின் உழைப்பையும் உறிஞ்சிக் கொழுத்தவன் மேற்கு மாளிகையில் சாய்ந்து, 'ஏழைகளை ஆளத் தெரியவில்லையே பாப்லர் மன்றத்தாருக்கு!' என்று பெருமூச்சு விடுவான்.

மாற்றம் கேட்டார்கள், ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். ஆணையங்கள் அமர்ந்தன, அறிக்கைகள் வந்தன, அலமாரிகள் நிறைந்தன. வயிறு நிறையவில்லை.

வரி கொடோம்!

1921 மார்ச்சு மாதம் பாப்லர் மன்றம் ஒரு முடிவு எடுத்தது. தன் வட்டாரத்துக்கான வரியைத் தண்டும். தன் ஏழைகளுக்கான பணத்தைத் தண்டும். ஆனால் இலண்டன் கவுண்டி மன்றம், மாநகரக் காவல்துறை, மருத்துவமனைகளை நடத்திய மாநகர வாரியம், குடிநீர் வாரியம் ஆகிய நான்கு பேரமைப்புகளுக்காகத் தண்டித் தரவேண்டிய வரியைத் தண்டாது. 'சுமையைச் சமமாகப் பகிருங்கள். பிறகு தருகிறோம்' என்பதே அதன் பொருள்.

சட்டம் சீறிற்று. கவுண்டி மன்றமும் மருத்துவமனை வாரியமும் உயர்நீதிமன்றத்தை நாடின. ஜூலை 29-ஆம் நாள் விசாரணை. அழைப்பாணை பெற்ற நகர மன்றத்தார் வழக்குரைஞரின் பின்னே ஒளிந்து சென்றார்களா? இல்லை! மேயர் சாம் மார்ச் பதவிச் சங்கிலியை அணிந்து நடக்க, செங்கோல் முன்னே செல்ல, பறை முழங்க, ஏறத்தாழ இரண்டாயிரம் மக்கள் உடன்வர, போ பகுதியிலிருந்து நீதிமன்றம் வரை ஊர்வலமாகச் சென்றனர். சிறைக்கும் போக நேரலாம் என்பதை ஊர்வலப் பதாகையிலேயே எழுதிக்கொண்டு போனவர்கள் அவர்கள்!

நீதிமன்றம் ஆணையிட்டது, மன்றத்தார் மறுத்தனர். செப்டம்பர் முதல் நாள் கைது தொடங்கிற்று. மொத்தம் முப்பது பேர். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கு; பெண்கள் ஹாலோவே சிறைக்கு. அப்பெண்களில் ஒருவரான நெல்லி கிரஸ்ஸல் அப்போது கருவுற்றிருந்தார். ஒரு வட்டாரத்தின் ஆட்சி மன்றம், வரி ஏய்த்ததற்காக அன்று, வரிச்சுமை சமமாகவேண்டும் என்று கேட்டதற்காகச் சிறைப்பட்டது.

சிறையிலும் மன்றம் கலைந்ததா? கலையவில்லை. பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நகர மன்றக் கூட்டம் நடத்தும் உரிமையை வாதாடிப் பெற்றனர். ஹாலோவே சிறையிலிருந்து பெண் உறுப்பினர்களை மோட்டாரில் அழைத்துவரவேண்டியதாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் அங்கே நடந்தன. வெளியே மக்கள் திரள்வர். லான்ஸ்பரி சன்னல் கம்பிகளின் ஊடே நின்று பேசுவார். பெத்னல் கிரீன், ஸ்டெப்னி மன்றங்களும் பாப்லரின் வழியே செல்லத் தீர்மானித்தன. முப்பது பேரை அடைக்கச் சிறை இருந்தது. கிழக்கு இலண்டன் முழுவதையும் அடைக்கச் சிறை ஏது?

அக்டோபர் 12-ஆம் நாள் விடுதலை. மன்னிப்புக் கேட்டுப் பெற்ற விடுதலையன்று. சுமைப் பங்கீடு பற்றிய மாநாட்டிலே கலந்துகொள்வதற்காகக் கிடைத்த விடுதலை. சில வாரங்களில் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றிற்று. வீட்டிலிருந்தபடி உதவி பெறுவோரின் செலவையும் இலண்டனின் பொது நிதி, வகுத்த அளவின்படி, ஏற்றுக்கொள்ளலாயிற்று. ஆண்டுக்கணக்கில் அறிக்கைகளால் ஆகாதது ஆறு வாரச் சிறையால் ஆயிற்று!

வெற்றிக்கு விலையும் உண்டு. மின்னி லான்ஸ்பரி என்பார் ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகள். நம்மைப்போல் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். பெண்கள் வாக்குரிமைக்கும், போரில் கணவரை இழந்தோரின் ஓய்வூதியத்துக்கும் உழைத்தவர். சிறையிலே உடல் நலிந்த அவர், நிமோனியா கண்டு, 1922 சனவரி முதல் நாள் மறைந்தார். வயது 32. பலகையில் எழுதிய கணக்குக்கு உயிரையே விடையாக எழுதியவர் அவர். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இந்தப் பெயரை மறக்கலாகாது.

நியாயமானது எது?

எதிர்ப்பாளர் கேள்விக்கு வருவோம். 'சட்டத்தை இயற்றும் மன்றமே சட்டத்தை மீறினால் ஒழுங்கு என்னாவது?' என்றனர். பகைவர் மட்டுமல்லர், ஹாக்னி வட்டார மேயராக இருந்த தொழிற்கட்சித் தலைவர் ஹெர்பர்ட் மாரிசனும் பாப்லர் வழியை ஏற்கவில்லை. பொறுப்புடன் ஆளத் தெரிந்தவர்கள் என்ற நற்பெயரைக் கட்சி இழந்துவிடும் என்பது அவர் அச்சம். அவர் அச்சத்தை ஏளனம் செய்யமாட்டோம், ஆராய்வோம்.

பாப்லர் மறைவாக மீறவில்லை. தன் பைக்குள் ஒரு பென்னியும் போட்டுக்கொள்ளவில்லை. முன்கூட்டியே அறிவித்து, தண்டனையை வரவேற்று, மக்கள் நடுவே மீறிற்று. தன்னலத்துக்காகச் சட்டத்தை வளைப்பவன் சிறையைக் கண்டு ஓடுவான். இவர்கள் சிறையை நோக்கி நடந்தார்கள். நற்பெயர் போயிற்றா? 1922 தேர்தலில் தொழிற்கட்சி பல வட்டாரங்களைப் பறிகொடுத்தபோதும் பாப்லரில் மீண்டும் வென்றது. மக்கள் தீர்ப்பு அது.

மக்கள் தீர்ப்பு பிடிக்காதவர்கள் மன்றத் தீர்ப்பை நாடினர். 4 பவுன் கூலி நினைவிருக்கிறதல்லவா? விலைவாசி இறங்கியும் கூலியை இறக்கவில்லை என்று மாவட்டத் தணிக்கையாளர் குற்றம் சாட்டி, 5,000 பவுனை உறுப்பினர் தலையிலேயே சுமத்தினார். 1855-ஆம் ஆண்டுச் சட்டம், மன்றம் தகுதி எனக் கருதும் கூலியைத் தரலாம் என்று சொல்லியிருந்தது. மேல்முறையீட்டு மன்றம் பாப்லர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1925-இல் பிரபுக்கள் அவை அதை மாற்றிற்று. 'மன்றம் தகுதி எனக் கருதும் கூலி' என்றால் 'நியாயமான கூலி' என்று பொருளாம். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி தருவது நியாயத்தில் சேராதாம்! சமதருமக் கற்பனை என்றும், பெண்ணுரிமை ஆசை என்றும் அங்கே பரிகாசம் செய்தார் ஒரு சட்டப் பிரபு.

எது நியாயம் என்று சொன்னவர்கள் யார்? ஒருவர் வாக்கையும் பெறாமல் ஆயுள் முழுதும் பதவி வகிக்கும் ஐவர்! யார் சொன்னதைத் தள்ளினார்கள்? ஆயிரமாயிரம் பேர் வாக்களித்து அமைத்த மன்றத்தின் சொல்லை! வாக்குப்பெட்டி சொன்னதை நாற்காலி அழித்தது. பாப்லரின் பெயரையே வசைச் சொல்லாக்கிப் 'பாப்லரியம்' என்றனர், ஊதாரித்தனம் என்ற பொருளில். 1926-இல் வந்த சட்டம், ஏழைக்கு இரங்கிய காப்பாளர் குழுவையே கலைத்துவிட்டு ஆட்களை நியமிக்க அமைச்சருக்கு வழி செய்தது. அந்த அதிகாரம் முதலில் பாய்ந்தது பாப்லரின் அண்டை ஊரான வெஸ்ட் ஹாம் மீது.

பெயர் போயிற்று; கேள்வி போகவில்லை

1965-இல் பாப்லர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் இணைந்து டவர் ஹாம்லெட்ஸ் ஆயின. பாப்லர் மன்றம் மறைந்தது. 1980-இல் மேற்கிந்தியத் துறை மூடப்பட்டது. மறு ஆண்டு, துறைமுக நிலத்தைச் சீரமைக்க ஒரு வளர்ச்சிக் கழகம் வந்தது. அதன் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அமைச்சர் நியமித்தார். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று அனுமதிக்கும் அதிகாரம் வட்டார மன்றத்தின் கையிலிருந்து அந்தக் கழகத்தின் கைக்குப் போயிற்று. 1998-இல் அது கலையும் வரை அங்கே அதன் ஆட்சி. விளைவு? சர்க்கரை மூட்டை இறங்கிய இடத்திலே கேனரி வார்ஃப் என்னும் வங்கிக் கோபுரங்கள் வானை முட்டி நிற்கின்றன. கோபுரத்தின் நிழல் விழும் தெருக்களோ, நாட்டிலேயே குழந்தை வறுமை மிகுந்த வட்டாரங்களுள் ஒன்றாக இருக்கின்றன. மேற்கிலே இருந்த மாளிகை கிழக்குக்கு வந்ததே தவிர, குடிசைக்கும் மாளிகைக்கும் இடைப்பட்ட தொலைவு குறையவில்லை.

பாப்லரின் குரல் வேறோர் ஊரிலும் எழுந்தது. டெர்பிஷயரில் கிளே கிராஸ் என்னும் சிறிய நகர்ப்புற வட்டாரம், மன்ற வீடுகளின் வாடகையை உயர்த்தச் சொன்ன 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிபணிய மறுத்தது. பதினொரு உறுப்பினர் மீது பணம் சுமத்தப்பட்டது; பதவியும் பறிக்கப்பட்டது. ஊர் சிறிதென்றால் உரிமையும் சிறிதாகிவிடுமா என்று கேட்டவர்கள் அவர்கள்.

இளைஞர்களே! இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம், 'சிறைக்குப் போ' என்பதன்று. 'கணக்குப் போடு' என்பது. பாப்லர் மக்களை ஆண்டாண்டுக் காலம் கட்டிப் போட்டது விலங்கன்று, புரியாத கணக்கு. எந்தத் தெருவில் தண்டிய பணம் எந்தத் தெருவில் செலவாகிறது, ஒரு பென்னி வரி யாருக்குத் தூசு, யாருக்குச் சோறு என்று கேட்கத் தொடங்கிய நாளிலேயே அவர்கள் பாதி விடுதலை பெற்றுவிட்டனர். மீதிப் பாதிக்குத்தான் சிறை தேவைப்பட்டது.

அதிகாரம் தந்து பணம் தராதவன் விளையாட்டுப் பொம்மை தருகிறான். பணம் தந்து உரிமை தராதவன் பிச்சை தருகிறான். இரண்டும் சேர்ந்ததே ஊராட்சி. வரவு செலவு ஏட்டை வேதம்போல் மூடிவைத்து, 'உனக்குப் புரியாது' என்று சொல்பவன் யாராயினும், அவன் முன் அந்த ஏட்டை விரித்து வைத்து வரிவரியாய்ப் படியுங்கள். விதி என்று அவன் காட்டும் இடத்திலெல்லாம் ஒரு மனிதன் எழுதிய எண் இருக்கும். மனிதன் எழுதிய எண்ணை மனிதன் திருத்தலாம்!